விலைக்கு வாங்கிய சனிக்கிழமை

மே 20, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவதுபோல் இருட்டிவிட்டு வராமலே போய்விட்டது. லிஃப்ட் திரும்பவும் வேலை செய்யவில்லை. பொரளையில் பஸ் மாறும்போது செருப்பு வார் அறுந்தது. ஊசி குத்திக்கொண்டு ஒருகொடவத்தையில் வேலைக்குப் போய்ச் சேரும் வரை.

ஜி.எம். கூப்பிட்டார். ஓடர் குறைந்துவிட்டதாம். சனிக்கிழமைகளில் ஸ்டோர்ஸில் பாதிப் பேருக்கு வேலை இல்லையாம். ஆட்களை நிறுத்த விருப்பமில்லை, அதனால் ஒரு யோசனை. விரும்பியவர்கள் ஜூனிலிருந்து சனிக்கிழமை வரத் தேவையில்லை. சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு குறையும். கட்டாயம் கிடையாது. ஒவ்வொருவரிடமும் நான் போய்க் கேட்டு, ஓமா இல்லையா, என்ன காரணம் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். லீவு, சம்பளம், எச்சரிக்கைக் கடிதம் எல்லாம் என் மேசைதானே. இதுவும் என் மேசை.

ஸ்டோர்ஸ் ஆட்களுக்கு மட்டுமா என்று கேட்டேன். ஒஃபிஸுக்கும்தான் என்றார்.

வீட்டுக்கு வரும்போது இவர் நைட் டியூட்டிக்குப் படியிறங்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் மாடியில் சந்திப்பு. பருப்பு அடுப்பில் இருக்கு, உப்புப் பாரும் என்றார். பையை மாற்றித் தோளில் போட்டார். போய்விட்டார்.

உப்புக் கூட.

மே 22, வியாழன்

வெயில். கன்டீனில் ஒரு மேசையைப் பிடித்து, தேத்தண்ணி நேரத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன்.

சுனில் அய்யே கேள்வியை முடிக்கவே விடவில்லை. "எபா மிஸ்." வேண்டாமாம். "கெதர கிஹின் மொக்கத கரன்னே?" வீட்டுக்குப் போய் என்ன செய்வதாம். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஓ.டி. கூட்டித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள் என்றார். அநேகமாக எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். நேரத்தைக் குறைக்கிற கதையோடு போனவள், நேரத்தைக் கூட்டச் சொல்லும் விண்ணப்பங்களோடு திரும்பினேன்.

பேக்கிங்கில் இருக்கிற லெச்சுமி. தெமட்டகொடையில் ஓர் அறை, புருசன், இரண்டு பிள்ளைகள், மாமியார். அவளாவது ஓம் என்பாள் என்று நினைத்திருந்தேன்.

"சனிக்கிழம வீட்டுல இருந்தா அது லீவா மிஸ்? துணி, தண்ணி, சோறு. இங்க வந்தாத்தான் மத்தியானம் உக்காந்து திங்கிறேன்."

தாளில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது. 'இல்லை' என்று எழுதினேன். காரணம்: பொருளாதாரம்.

கடைசியாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஃபலீல் நானா. மகள்மாரை எல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டார். ஓம் என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். சம்பளம் குறையும், விளங்கினதா நானா என்று கேட்டேன். விளங்கினது என்றார். காரணம் கேட்டேன்.

"ஒண்டுமில்ல மிஸ். சும்மா இரிக்கத்தான்."

சும்மா என்று எழுத முடியாது. ஜி.எம். கூப்பிட்டுக் கேட்பார். 'குடும்பக் காரணம்' என்று எழுதினேன். நானா எட்டிப் பார்த்துவிட்டு, அதுவும் சரிதான் என்றார்.

மே 23, வெள்ளி

மழை. நல்ல மழை. கடல் பக்கத்து ஜன்னலில் உப்புத் திட்டு.

ஒஃபிஸில் எல்லோரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். மிச்சம் என் தாள்தான். மேசை லாச்சியில் வைத்துக்கொண்டு பகல் முழுக்க இருந்தேன். ஒரு கழிவுத் தாள் துண்டில் எங்கள் வாரத்தை எழுதிப் பார்த்தேன்.

திங்கள் - வியாழன்: நான் வருகிறேன், இவர் ஆஸ்பத்திரி லாப்புக்கு நைட் டியூட்டி போகிறார். இவர் வருகிறார், நான் போய்விட்டேன்.
வெள்ளி: இவருக்கு ஓஃப். இரண்டு பேரும் வீட்டில். இரண்டு பேருக்கும் களைப்பு.
சனி: இவர் பகல் முழுக்க விழித்து வீட்டில். நான் வேலையில். பின்னேரம் இவர் டியூட்டி.
ஞாயிறு: நான் வீட்டில். இவர் டியூட்டி முடிந்து வந்து நித்திரை. நான் சத்தம் போடாமல் மிளகாய் இடிப்பேன்.

இப்படி எத்தனை வருடம் என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன்.

காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. நோயில் படுக்கையாய்க் கிடக்கிறவர் ஒருவரும் இல்லை. புருசனோடு இருக்க என்று ஒரு பெண் இந்த வயதில் ஜி.எம்முக்கு எழுதிக்கொடுக்க முடியுமா. 'குடும்பக் காரணம்' என்றே எழுதினேன். ஃபலீல் நானாவுக்கு எழுதின அதே எழுத்து.

இரவு இவரிடம் சொன்னேன். பயந்துகொண்டுதான். வாடகை ஏற்றின கதை, கரண்ட் பில் எல்லாம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"உமக்குக் களைப்பெண்டால் எடும்."

களைப்புத்தான் என்றேன். வேறு என்ன சொல்ல.

மே 30, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. என்னுடைய கடிதத்தை நானே டைப் செய்து, ஜி.எம். கையெழுத்து வாங்கி, நானே பெற்றுக்கொண்டேன். மூன்று பேர்தான். நான், ஃபலீல் நானா, படிக்கப் போகிற ஒரு பெடியன்.

எக்கவுன்ட்ஸில் இருக்கிற பிள்ளை கேட்டாள்: அக்கா, உங்களுக்குச் சின்னப் பிள்ளையும் இல்லை, பிறகு ஏன்? குத்தலாகக் கேட்கவில்லை. விளங்காமல் கேட்டாள்.

அரிசி. சவர்க்காரம். இவருக்கு பனடோல். புதுச் செருப்பு (அடுத்த மாதம்).

ஜூன் 7, சனி

காற்று. வானம் வெளித்திருக்கிறது.

முதல் சனிக்கிழமை. வழமைபோல் விடியவே எழும்பிவிட்டேன். போக இடம் இல்லை. குசினியில் நின்றேன். இவர் எழும்பி வந்து, என்னைக் கண்டு திடுக்கிட்டார். சனிக்கிழமை காலையில் குசினியில் ஆள் இருந்து அவருக்குப் பழக்கமில்லை. தன் தேத்தண்ணியைத் தானே போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்து ரேடியோவை மெதுவாகப் போட்டார். அந்தக் கதிரை, அந்த ரேடியோ, அந்தச் சத்தம் எல்லாம் அவருடைய சனிக்கிழமையின் சாமான்கள். நான் விருந்தாளி.

பகல் சாப்பிட்டோம். ஹஜ் பெருநாள் என்று கீழ்வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. ஃபலீல் நானாவுக்கு பெருநாள் வாழ்த்துச் சொல்ல ஃபோன் எடுத்துப் பார்த்தேன். எடுக்கவில்லை.

நான்கு மணிக்குக் கடற்கரைக்குப் போவோமா என்று கேட்டேன். ரயில் பாதையைக் கடந்து கல்லில் இருந்தோம். ஒரு ரயில் போனது. பிறகு இன்னொன்று. இவர் ஏதாவது சொல்வார் என்று நான் இருந்தேன். நான் சொல்வேன் என்று அவர் இருந்திருப்பார்.

"கதைக்க ஒண்டும் வருதில்லை, என்ன?" என்றார்.

பழகும் என்றேன்.

எழும்பும்போது கை நீட்டினார், கல்லில் வழுக்கும் என்று. ஐந்தரைக்கு டியூட்டிக்குப் போய்விட்டார். பிறகு நிறைய நேரம் ஒன்றும் செய்யவில்லை. ஆறில் ஒரு பங்கு கொடுத்தது இதற்கா என்று ஒரு தடவை நினைத்தேன். ஒரு தடவைதான்.

ஜூன் 14, சனி

விடாத மழை. வெளியே போகவில்லை.

இறால் வாங்கி வந்தார். எனக்குக் கோது எடுக்கப் பொறுமை இல்லை என்று தானே எடுத்தார். லாப்காரன் விரல், ஒவ்வொன்றாக, நரம்பையும் இழுத்து. எடுத்துக்கொண்டே கதைத்தார். இரவில் லாப்பில் வேலை செய்கிறவனுக்கு ஊரில் யார் இனிப் பிழைத்து எழும்பமாட்டார் என்று குடும்பத்துக்கு முன்னமே தெரியும் என்றார். ஒரு சின்னப் பிள்ளையின் ரிப்போர்ட்டை இரண்டு தரம் திருப்பிச் செய்து பார்த்தாராம், பிழையாக இருக்கட்டும் என்று. பிழை இல்லையாம். போன வருடம் நடந்தது. போன வருடம். நான் இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எப்ப சொல்லுறது என்றார். கோபமாக இல்லை.

இறால் குழம்பில் புளி கூடிவிட்டது. இரண்டு பேரும் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டோம். பகல் தரையில் பாய் போட்டுப் படுத்தார், நானும். மழைச் சத்தம். முழங்கையில் ஒரு தழும்பு இருக்கிறது, எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டேன். ஒட்டோவில் இடித்ததாம்.

இன்று நல்ல நாள். இதை எழுதி வைக்கிறேன்.

ஜூன் 18, புதன்

வெயில், பிறகு மூட்டம். இருமல்.

போன சனிக்கிழமை ஸ்டோர்ஸுக்குத் திடீரென்று கன்டெய்னர் வந்ததாம். ஃபோர்க்லிஃப்ட்டுக்கு ஆள் போதவில்லை. ஃபலீல் நானாவுக்கு ஃபோன் எடுத்திருக்கிறார்கள். மூன்றாம் தரம் எடுத்தபோது ஃபோன் ஓஃப். எச்சரிக்கைக் கடிதம் எழுதச் சொன்னார் ஜி.எம். சனி அவருடைய வேலை நாள் இல்லையே சேர் என்றேன். அவசரத்துக்கு உதவாத ஆள் என்று எழுதுங்கள் என்றார். எழுதினேன்.

நானாவைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். வாசித்தார், கண்ணாடி இல்லாமல் தள்ளிப் பிடித்து.

"அந்தச் சனிக்கிழமய நான் சும்மா எடுக்கல்ல மிஸ். என்ட சம்பளத்துல வெட்டுறீங்கதானே. அப்ப அது என்ட."

ஓம் நானா என்றேன். அதற்குமேல் என் மேசையில் எனக்கு அதிகாரம் இல்லை. கையெழுத்து வைத்தார். சனிக்கிழமை எப்படிப் போகிறது என்று கேட்டேன், கடிதத்தை ஃபைலில் போட்டபடி. களனி ஆற்றங்கரையில் போய் இருக்கிறாராம். மீன் பிடிக்கவா? இல்லையாம்.

போகும்போது திரும்பி, நீங்களும் ஃபோனை ஓஃப் பண்ணி வைங்க மிஸ் என்றார்.

ஜூன் 25, புதன்

சம்பளம். தெரிந்த கணக்குத்தான், ஆனாலும் ஸ்லிப்பில் பார்க்க வேறு மாதிரி. ஐந்து நாள் வேலையில் ஆறு நாள் ஃபைல். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு வர இருட்டிவிடுகிறது. அதை ஸ்லிப் சொல்லாது.

செருப்பு இந்த மாதமும் இல்லை. பழையதைத் தைத்தாயிற்று.

இவர் ஸ்லிப்பைக் குளிர்ப்பெட்டி மேல் கண்டிருக்கிறார். பார்த்த இடத்திலேயே, நேராக வைத்திருந்தார்.

ஜூலை 3, வியாழன்

தண்ணீர் வெட்டு காலையிலிருந்து. வெட்டுக்கு முதலே இவர் வாளிகளை நிரப்பி வைத்திருக்கிறார்.

பின்னேரம் வழமையைவிட வேளைக்கே வந்துவிட்டேன். இவர் சேட் போட்டுக்கொண்டு வாசலில் காத்திருந்தார், முகத்தில் ஒரு சந்தோசம். ஒரு விசயம் சொல்லவேணும் என்றார். லாப்பில் கூட வேலை செய்கிறவருடைய மச்சான் கொட்டாஞ்சேனையில் சின்னதாக ஒரு இரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறாராம். சனிக்கிழமையில்தான் சனம் கூட. காலை தொடங்கிப் பின்னேரம் வரை இரத்தம் எடுக்க ஒரு ஆள் தேவையாம். ஓம் என்று சொல்லிவிட்டாராம். இந்தச் சனிக்கிழமையே தொடக்கம். உமக்கு வெட்டின காசு அப்படியே வரும் என்றார்.

"இனி நீர் யோசிக்காமல் வீட்டில ஆறுதலா இரும். சனிக்கிழமை வடிவா நித்திரை கொள்ளும். நான் இடைஞ்சலா இருக்கமாட்டன்."

நான் என்ன சொன்னேன். சரி என்றேன். பஸ் பிந்திவிடும் என்றேன். அவர் படியிறங்கும் சத்தம் கீழ்வரைக்கும் கேட்டது.

இதைவிட எழுத வரவில்லை.

ஜூலை 4, வெள்ளி

மூட்டம். தலையிடி.

காலை முதல் வேலையாக ஜி.எம். அறை. பழையபடி ஆறு நாளுக்கு வருகிறேன், சம்பளத்தையும் பழையபடி போடலாமா என்று கேட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. சனிக்கிழமை ஃபைல்களை மற்ற நாட்களுக்குப் பிரித்தாயிற்றே என்றார். புதிய சம்பளம் பட்ஜெட்டில் போய்விட்டதாம். அடுத்த வருடம் பார்க்கலாமாம். நீங்கள்தானே கேட்டீர்கள் என்றார். ஓம். நான்தான் கேட்டேன்.

கன்டீனில் லெச்சுமி பக்கத்தில் வந்து இருந்தாள். முகம் சரியில்லையே மிஸ் என்றாள். அவளுடைய சோற்றுப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு கருவாடு எடுத்து என் பக்கம் வைத்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து தின்றோம்.

பின்னேரம் இவர் வீட்டில். வெள்ளிக்கிழமை ஓஃப். நாளைக்குப் போட வெள்ளைச் சேட்டை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். நான் குடையைக்கூட வைக்காமல் கேட்டேன்: வேண்டாம் என்று சொல்ல முடியாதா. ஏன் என்றார். வாக்குக் கொடுத்தாயிற்றாம். மூன்று மாதத்துக்கு ஒப்புக்கொண்டாராம், அந்த மனிதர் முந்தி வந்த ஆளை நிறுத்திவிட்டாராம். காசும் வரும்தானே.

"நான் களைப்பெண்டு எடுக்கேல்ல. உங்களோட இருக்கத்தான் எடுத்தனான்."

அயர்ன் பொக்ஸ் சேட்டிலேயே இருந்தது. நான்தான் எடுத்து நிமிர்த்தி வைத்தேன். கருகவில்லை, மஞ்சளாகிவிட்டது, கொலருக்குக் கீழே.

சேட்டைத் தூக்கி அந்த இடத்தை வெளிச்சத்தில் பார்த்தார்.

"அதை முதலே சொல்லியிருக்கலாமே, குமுதா," என்றார்.

சொல்லியிருக்கலாம். மே மாதம் அந்தத் தாளில் எழுதியிருக்கலாம், இல்லாவிட்டால் இவரிடமாவது சொல்லியிருக்கலாம். கட்டின மனிசனுக்கு இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது என்று எப்படி விளக்குவது. அவருக்கும் வெட்கம்தான் போல. நான் இருக்கிற சனிக்கிழமைகளில் தான் எனக்குத் தொந்தரவு என்று நினைத்தாராம். கடற்கரையில் நான் கதைக்கவே இல்லையாம்.

இடியப்பமும் சொதியும். இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று மாதம் பொறும் என்றார். மூன்று மாதம் முடிய வாடகை திரும்ப ஏறும். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஜூலை 5, சனி

தூறல். இன்னும் சரியாக விடியவில்லை, இவர் குளிக்கிற சத்தம்.

நானும் எழும்பிச் சீலை மாற்றினேன். எங்கே என்று கேட்டார். கொட்டாஞ்சேனைக்கு என்றேன். அங்கே வந்து என்ன செய்யப்போகிறீர், நோயாளிகள் இருக்கிற வாங்கில் உமக்கு இடமும் இருக்காது என்றார். இறங்கிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவேன் என்றேன். இரண்டு டிக்கெட் காசு வீண் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு எனக்காக வாசலில் நின்றார்.

காலி வீதியில் கடைகள் பூட்டு. பாண் கடை மட்டும் திறந்திருந்தது. மட்டக்குளி பஸ் காலியாக வந்தது. ஜன்னல் பக்கம் அவரை இருக்கச் சொன்னேன். சேட்டில் மஞ்சள் பட்ட இடத்தை மறைக்க உள்ளே ஒரு பெனியன் போட்டிருக்கிறார், ஒன்றும் மறையவில்லை.

பம்பலப்பிட்டி வரைக்கும் கதைத்தோம். சோறு கட்டித் தந்திருக்கலாம் என்றேன். அங்கே பக்கத்தில் சாப்பாட்டுக் கடை இருக்கு என்றார். ஞாயிற்றுக்கிழமை நித்திரையைக் குறைத்துப் பார்க்கிறேன் என்றார். வேண்டாம், விழுந்துவிடுவீர்கள் என்றேன். அதற்கு அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். பாதியில் குரல் போய்விட்டது. பார்த்தால் நித்திரை. வாய் கொஞ்சம் திறந்து, தலை என் தோளில். இன்று பகல் முழுக்க ஆட்களின் கையில் நரம்பு தேட வேண்டும், பின்னேரம் அப்படியே நைட் டியூட்டி.

அசையாமல் இருந்தேன். தோள் மரத்துப் போனது. கொண்டக்டர் வந்து காசு கேட்டான், சத்தம் போடாதே என்று சைகை காட்டிக் கொடுத்தேன். மழை ஜன்னலில் அடித்தது. மறு கையால் கண்ணாடியை இழுத்துப் பார்த்தேன், இறுகிப்போய் வரவில்லை. அவர் நனைந்துகொண்டே நித்திரை கொண்டார்.

கொட்டாஞ்சேனை வந்தது. எழுப்ப மனம் வரவில்லை.

எழுப்பினேன்.